எட்டு சென்ட் நாற்றங்காலைக் கைவிடச் சொல்லாதீர்கள்

நெல்லை நாற்று விட்டு, பறித்து, முடி கட்டி, மறுபடி நடுவது காலத்துக்கு ஒவ்வாத வேலை என்ற பேச்சு இப்போது காவிரிப் படுகை முழுக்கக் கேட்கிறது. கூட்டங்களில் அதிகாரிகள் சொல்கிறார்கள். பத்திரிகைகளில் வேளாண் பக்கம் எழுதுகிறவர்கள் எழுதுகிறார்கள். கார்பன் வரவு பேசி வரும் நிறுவனத்தாரும் அதையே படம் போட்டுக் காட்டுகிறார்கள். தண்ணீர் மிச்சம், ஆள்கூலி மிச்சம், பத்து நாள் முன்னதாக அறுவடை, மீத்தேன் குறைவு. ஆகவே விதையை நேரே வயலில் போடு, நாற்றங்காலை மற. திருவிடைமருதூர் வட்டத்தில் நிலம் வைத்திருக்கும் பலரும் இதைத் திருப்பிச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

இந்தக் கருத்து தவறு. எல்லா ஊருக்கும் தவறு என்று நான் சொல்லவில்லை. வேதாரண்யம், தலைஞாயிறு, திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கடைமடை நிலங்களில் நேரடி விதைப்பு நெடுங்காலமாக உண்டு. அங்கே ஆற்றுத் தண்ணீர் எப்போது வரும், வந்தால் எத்தனை நாள் நிற்கும் என்பது யாருக்கும் தெரியாது. புழுதி உழவு ஓட்டி, விதையைத் தெளித்து, மழைக்குக் காத்திருந்து, ஒரே ஒரு சம்பாவை எடுப்பது அந்த மண்ணுக்கு ஏற்ற புத்திசாலித்தனம். இராமநாதபுரத்து மானாவாரி நெல்லும் அப்படித்தான். அங்கே போய் நாற்று விடு என்று சொல்வது எவ்வளவு பொருந்தாதோ, குறுவையும் தாளடியும் என்று இரண்டு போகம் எடுக்கும் இந்த வட்டத்துக்கு வந்து நாற்றங்காலை விடு என்று சொல்வதும் அவ்வளவு பொருந்தாது.

முதலில் நாற்றங்கால் என்ன செய்கிறது என்று கணக்குப் பார்ப்போம். மூன்று மா நிலத்துக்கு, அதாவது ஒரு ஏக்கருக்கு, எட்டு சென்ட் நாற்றங்கால் போதும். பயிரின் முதல் மூன்று நான்கு வாரங்கள் அந்த எட்டு சென்ட்டுக்குள் முடிகின்றன. தண்ணீர் கட்டுவது, களை பார்ப்பது, இலைப்பேனுக்கு மருந்தடிப்பது எல்லாம் நிலத்தின் பன்னிரண்டில் ஒரு பங்கில் நடக்கிறது. மீதிப் பதினோரு பங்கு நிலம் அந்த நாட்களில் ஒரு சொட்டு பாசனத் தண்ணீரும் கேட்பதில்லை. நேரடி விதைப்பிலோ முளை வந்த நாள் முதல் நூறு சென்டின் ஈரத்தையும் காத்தாக வேண்டும். தண்ணீர் மிச்சம் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த முதல் மாதத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

இந்த எட்டு சென்ட்டின் அருமை மேட்டூர் ஏமாற்றும் ஆண்டுகளில்தான் தெரியும். அணை திறக்க வேண்டிய நாள் ஜூன் 12. 2012 முதல் 2019 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் அந்தத் தேதி தவறியது. 2012-இல் செப்டம்பர் 17, 2016-இல் செப்டம்பர் 20, 2017-இல் அக்டோபர் 2. அதன் பிறகு நிலைமை சீரானது என்று நினைத்திருந்தபோது 2024-இல் மறுபடி ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கும்பகோணம், திருவிடைமருதூர், பாபநாசம் வட்டங்களில் அந்த ஆண்டுகளிலும் குறுவை பச்சையாக நின்றது என்றால் அதற்கு ஆழ்துளைக் கிணறுகள் காரணம். அந்தக் கிணற்று மோட்டார் கொடுத்த தண்ணீரைக் கோடையின் கடைசியில், நிலம் பாளமாக வெடித்துக் கிடக்கும் நேரத்தில், முழு வயலுக்கும் விட முடியாது. எட்டு சென்ட்டுக்கு விட முடியும். விட்டார்கள். கோடை மழையோ ஆறோ ஒன்று வந்து சேர்ந்ததும் சேறடித்து நட்டார்கள்.

"நேரடி விதைப்பில் பத்து நாள் முன்னதாகவே அறுவடை" என்பது அடுத்த வாதம். நாற்றைப் பறிக்கும்போது வேர் அறுகிறது, நட்ட பிறகு பச்சை பிடிக்க ஒரு வாரம் ஆகிறது, ஆகவே வயது நீள்கிறது. இது உண்மை. ஆனால் எந்த நாளிலிருந்து எண்ணுகிறோம் என்று பாருங்கள். ஆடுதுறை 43 ரகத்துக்கு வயது 110 நாள். 22 நாள் நாற்றங்காலில் இருந்தால் நடவு வயலில் அது நிற்பது 88 நாள். அதையே நேரடியாக விதைத்து, பத்து நாள் குறைகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வயலில் 100 நாள். விதைத்த நாளிலிருந்து எண்ணினால் பத்து நாள் லாபம். வயலை எண்ணினால் பன்னிரண்டு நாள் நஷ்டம். ஒரு போகம் எடுப்பவருக்கு முதல் கணக்கு போதும். இரண்டாவது போகத்துக்கு அதே வயலைக் காலி செய்து கொடுக்க வேண்டியவருக்கு இரண்டாவது கணக்குத்தான் கணக்கு.

தாளடியில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 135 நாள் வயதுள்ள ஆடுதுறை 46-ஐ எடுத்துக்கொள்வோம். குறுவைக் கதிர் வயலில் பழுத்துக்கொண்டிருக்கும்போதே, செப்டம்பர் 15 வாக்கில், ஒரு மூலையில் தாளடிக்கு நாற்று விடலாம். நான்கு வாரத்தில் குறுவை அறுத்து, தாளை மடக்கி உழுது, அக்டோபர் நடுவில் நட்டுவிடலாம். பயிர் ஜனவரி 28-இல் வயதுக்கு வருகிறது. மேட்டூரை மூடும் நாளும் வழக்கப்படி ஜனவரி 28. அறுவடைக்குப் பத்து நாள் முன்பே தண்ணீரை வடித்துவிடுவோம் என்பதால் கடைசி நனைப்புக்கும் ஆற்றில் தண்ணீர் இருக்கும்.

நாற்றங்காலை எடுத்துவிட்டு இதையே செய்து பாருங்கள். குறுவை அறுத்த பிறகுதான் விதைக்க முடியும். அக்டோபர் 13-இல் விதைத்து, பத்து நாள் சலுகையும் கொடுத்தால் பிப்ரவரி நடுவில் அறுவடை. கதிர் பால் பிடித்து முற்றும் நாட்களில் ஆறு மூடியிருக்கும். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வடகிழக்குப் பருவமழை தொடங்குவது ஏறத்தாழ அக்டோபர் 20. அதாவது விதை முளைத்து ஒரு வாரம்கூட ஆகாத வயலில் ஐப்பசி மழை கொட்டும். தண்ணீரில் மூழ்கிய சேற்றில் காற்று இல்லை. அந்த நிலையில் நெல் விதை என்ன செய்யும் என்பது சேற்றில் கை வைத்தவருக்குத் தெரியும்: வேரை விடாமல் வெளிறிய முளைக்குருத்தை மட்டும் மேலே நீட்டும். பிடிப்பு இல்லாத அந்த முளை அலையில் மிதந்து வரப்போரம் ஒதுங்கும், இல்லையென்றால் அழுகும். 28 நாள் நாற்று ஒரு சாணுக்கு மேல் வளர்ந்திருக்கும். இரண்டு நாள் முழங்கால் தண்ணீர் நின்றாலும் மூச்சு வாங்கி எழுந்து நிற்கும். குறைந்த வயது ரகமாகப் போட்டுக்கொள்ளலாமே என்று சிலர் கேட்கிறார்கள். எத்தனை நாள் ரகமானாலும் அது முளைக்க வேண்டியது அதே ஐப்பசியில்தானே?

இந்த இரண்டு போகமே நாற்றங்காலின் மேல் கட்டப்பட்டது. 1934-இல் மேட்டூர் அணை வந்தது. 1960களின் நடுவில் ஆடுதுறை 27 வந்தபோது குறுவை பரந்தது. அந்த ரகத்தைக் கொடுத்த ஆராய்ச்சி நிலையம் 1922 முதல் இந்தத் திருவிடைமருதூர் வட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஒரு போகம் வயலில் நிற்கும்போதே அடுத்த போகத்துக்கு ஒரு மாத வயதைக் கொடுத்து வைக்கும் ஏற்பாடு இல்லாமல் அத்தனை ஆண்டுகளும் இருபோகம் ஓடியிருக்காது.

சேற்றுழவுக்குத் தண்ணீர் அதிகம் என்பது மெய். அதற்கு மட்டும் ஏறத்தாழ 200 மில்லிமீட்டர் செலவாகும். புழுதியில் விதைத்தால் அது மிச்சம் என்று சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் இங்கே நேரடி விதைப்பு என்று பரப்பப்படுவதில் பெரும்பகுதி டிரம் சீடரை இழுத்து விதைப்பது. அதற்கும் சேறடித்து, பரம்படித்து, மட்டம் பார்க்க வேண்டும். அந்த 200 மில்லிமீட்டர் அங்கே மிச்சமாவதில்லை. புழுதி விதைப்பிலோ சேறடிக்காத மண் தண்ணீரைக் கீழே விட்டுக்கொண்டே இருக்கும். சேற்றுழவு தண்ணீரைக் குடிக்கிறது என்று மட்டும் சொல்கிறவர்கள், மண்ணின் துளைகளை அடைத்துப் பிறகு வரும் தண்ணீரைத் தாங்கி நிறுத்துவதும் அதே சேற்றுழவுதான் என்பதைச் சொல்வதில்லை. காவிரிக்கும் வீரசோழனுக்கும் அருகே மணல் கலந்த வண்டல் வயல்களில் இந்த வித்தியாசத்தை மோட்டார் ஓடும் மணி நேரத்திலேயே பார்க்கலாம்.

இனி களை. விவாதத்தின் உயிர்நாடி இதுதான், மற்றதெல்லாம் இதற்குப் பிறகு. நட்ட வயலில் நெல்லுக்கு மூன்று நான்கு வார மூப்பு இருக்கிறது. நாற்று தண்ணீருக்கு மேலே தலை நீட்டி நிற்பதால் இரண்டு அங்குலத் தண்ணீரைக் கட்டி, முளைக்க வரும் புல்லை மூழ்கடிக்கலாம். களைக்கு எதிரான மிகப் பழைய, மிக மலிவான மருந்து அந்தத் தண்ணீர். நேரடி விதைப்பில் நெல்லும் புல்லும் ஒரே நாளில் பிறக்கின்றன. புல்லை மூழ்கடித்தால் நெல்லும் மூழ்கும்.

கையால் எடுக்கலாமே என்றால், எதை எடுப்பது? இருபது நாள் குதிரைவாலிப் புல்லையும் இருபது நாள் நெல்லையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிறம் ஒன்று, உயரம் ஒன்று, இலையின் சாய்வு ஒன்று. குனிந்து இலை தண்டைத் தழுவும் இடத்தைப் பிரித்தால்தான் அடையாளம் கிடைக்கும்: நெல்லுக்கு அங்கே மெல்லிய வெள்ளை நாக்கும், இருபுறமும் மயிர் படர்ந்த சிறு காதும் இருக்கும், குதிரைவாலிக்கு நாக்கும் இல்லை, காதும் இல்லை, வழவழவென்று இருக்கும். ஒரு ஏக்கரில் ஒவ்வொரு தூரையும் இப்படிப் பிரித்துப் பார்த்துக் களை எடுப்பவர் யார்? வரிசை நடவில் வரிசைக்கு வெளியே நிற்பதெல்லாம் களை. பத்து வயதுப் பிள்ளைக்கும் அது தெரியும். கோனோவீடரை உருட்டிக்கொண்டே போகலாம்.

ஆகவே நேரடி விதைப்பு களைக்கொல்லியில் போய் நிற்கிறது. முளைக்கும் முன் பெண்டிமெத்தலின் அல்லது பிரெட்டிலாகுளோர், முளைத்த பின் பிஸ்பைரிபாக் சோடியம். அடிக்கிற நாள் தவறினால் பலன் இல்லை; அடித்த அன்று மழை வந்தால் பலன் இல்லை. கூலியில் மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு பங்கு மருந்துக் கடைக்குப் போகிறது. நல்ல மேலாண்மை இருந்தால் இரண்டு முறையிலும் விளைச்சல் ஏறத்தாழ ஒன்றுதான் என்று ஆய்வு வயல்களில் கண்டிருப்பதை நான் மறுக்கவில்லை. அந்த "நல்ல மேலாண்மை" என்ற இரண்டு சொல்லுக்குள் களையின் முழுச் செலவும் அடங்கியிருக்கிறது என்பதுதான் என் வாதம்.

இதன் நீண்டகால விளைவையும் பார்த்துவிட்ட நாடு இருக்கிறது. மலேசியாவின் மூடா பாசனப் பகுதி 1980களில் நடவை விட்டு நேரடி விதைப்புக்கு மாறியது. ஆள் தட்டுப்பாடுதான் அங்கேயும் காரணம். கொஞ்ச காலத்தில் 'படி ஆங்கின்' என்று அவர்கள் அழைக்கும் களை நெல் அந்த நாட்டு வயல்களில் பெருகியது. நெல்லின் இனமே ஆன அது, அறுவடைக்கு முன்பே மணியை உதிர்த்து மண்ணில் விதையாகத் தங்கிவிடும். நெல்லுக்குத் தீங்கு செய்யாமல் அதை மட்டும் கொல்லும் மருந்து சாதாரண ரகங்களுக்கு இல்லை. பிறகு களைக்கொல்லியைத் தாங்கும் தனி ரகத்தை அறிமுகப்படுத்த வேண்டி வந்தது. இந்தியாவிலும் இமாசெதாபைர் களைக்கொல்லியைத் தாங்கும் பூசா பாசுமதி 1979, 1985 ரகங்கள் நேரடி விதைப்புக்கென்றே வந்திருக்கின்றன. பாதை எங்கே போகிறது என்று புரிகிறதா? விதையும் மருந்தும் ஒரே பொட்டலமாக வரும் இடத்துக்கு. பஞ்சாபில் 2022-இல் நேரடி விதைப்புக்கு ஏக்கருக்கு 1,500 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தும், அரசு எதிர்பார்த்த பரப்பில் மிகச் சிறு பங்கே அதற்கு மாறியது. களையும் எலியும் இரும்புச்சத்துக் குறையும் அங்கே விவசாயிகள் சொன்ன காரணங்கள்.

ஆள் கிடைக்கவில்லை என்ற புலம்பலுக்கு வருகிறேன். இதைச் சொல்லும்போது நம் குரலில் ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. நடவு நட்ட பெண்கள் நமக்குத் துரோகம் செய்துவிட்டது போலப் பேசுகிறோம். காலை முதல் சாயந்தரம் வரை சேற்றில் இடுப்பை வளைத்து நின்று, ஆண் கூலியைவிடக் குறைந்த கூலி வாங்கி, நகக்கண் அழுகி, அந்தப் பெண்கள்தான் இந்தப் படுகைக்கு நெற்களஞ்சியம் என்ற பெயரை வாங்கிக் கொடுத்தார்கள். அவர்களின் மகள்கள் அந்த வேலைக்கு வர மறுத்தால் அது நியாயம். இப்போது மேற்கு வங்கத்திலிருந்து வரும் குழுக்கள் டெல்டாவில் நடவு நடுகின்றன. நடவுக்கு ஆளே இல்லை என்பது சரியில்லை என்று அதிலேயே தெரிகிறது. நாம் கொடுத்து வந்த கூலிக்கும் நாம் வைத்திருந்த நிலைமைக்கும் உள்ளூரில் ஆள் இல்லை.

இயந்திரம் வரட்டும், வர வேண்டும். ஆனால் இயந்திர நடவு நாற்றங்காலுக்கு மாற்று என்று பலர் நினைப்பது விந்தை. நடவு இயந்திரம் விதையைத் தின்பதில்லை, நாற்றைத்தான் கேட்கிறது. பாலித்தீன் விரிப்பின் மேலோ தட்டிலோ சலித்த மண்ணையும் மக்கிய எருவையும் பரப்பி, முளை கட்டிய விதையைச் சீராகத் தூவி, பூவாளியால் நனைத்து, 15 முதல் 18 நாளில் பாய் போலச் சுருட்டி எடுக்கும் நாற்று. வேர் அறுவது மிகவும் குறைவு. பச்சை பிடிக்க ஒரு வாரம் வீணாகிறது என்ற பழைய புகாருக்கும் அங்கே பதில் இருக்கிறது. இயந்திரம் பெருகப் பெருக நாற்றங்காலின் வேலை கூடும், குறையாது.

மீத்தேன் பற்றியும் ஒரு வார்த்தை. மண்ணில் காற்றுப் புகாமல் தண்ணீர் இடைவிடாமல் தேங்கி நிற்கும்போது அங்கே வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. குற்றம் தேங்கிய தண்ணீருடையது. நட்ட வயலில் துளையிட்ட குழாய் ஒன்றைப் புதைத்து, தண்ணீர் மண்மட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே இறங்கிய பிறகு மறுபடி பாய்ச்சினால், அதாவது காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால், மீத்தேன் வெகுவாகக் குறைகிறது. அதற்கு நாற்றங்காலைத் தூக்கி எறியத் தேவையில்லை. சேற்றில் நேரடியாக விதைத்து, பிறகு அறுவடை வரை தண்ணீர் கட்டி வைக்கும் வயலிலும் மீத்தேன் வரத்தான் செய்யும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு நம் பக்கத்தைக் கண்டிக்காமல் விட்டால் அது நேர்மையாகாது. நடவு முறைக்குக் கெட்ட பெயர் வந்ததற்கு எதிராளிகளைவிட நம் நாற்றங்கால்கள் பெரிய காரணம். எட்டு சென்ட் வேண்டிய இடத்தில் நான்கு சென்ட்டில் மூட்டை விதையையும் கொட்டுகிறோம். குறுவைக்குச் சென்ட்டுக்கு மூன்று கிலோ என்பது சரியான அளவு. நெருக்கிப் போட்ட நாற்று நூல் போல மெலிந்து, வெளிச்சத்துக்குப் போட்டி போட்டு நெடுநெடுவென்று வளர்ந்து, அடியில் மஞ்சள் பூத்திருக்கும். பறிக்கிற ஆள் அதைப் பிடுங்கிக் காலில் அடித்துச் சேறு உதறும்போது பாதி வேர் அங்கேயே போய்விடுகிறது. இடைவிட்டுக் கலக்க விதைத்த நாற்றங்காலில் ஒரு நாற்றைப் பிடுங்கிப் பாருங்கள்: அடித்தண்டு தட்டையாகத் தடித்திருக்கும், நான்கு இலை இருக்கும், கழுவினால் வேர் வெள்ளை வெளேரென்று இருக்கும். இப்படிப்பட்ட நாற்றைக் குத்துக்கு இரண்டு மூன்று வைத்தால் போதும். மெலிந்த நாற்றை நம்பாமல்தான் நம் ஆட்கள் குத்துக்கு ஏழெட்டாக அமுக்குகிறார்கள்.

வயதும் அப்படியே. மூன்றரை மாதப் பயிருக்கு மூன்று வாரம், நான்கு மாதப் பயிருக்கு நான்கு வாரம், ஐந்து மாதப் பயிருக்கு ஐந்து வாரம் என்ற கணக்கு எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் தண்ணீருக்குக் காத்திருந்து 40 நாள் குறுவை நாற்றை நடுகிறோம். அது நட்ட இடத்தில் தூர் கட்டாமல் ஒற்றைக் கதிரை நீட்டிவிட்டு நின்றுவிடுகிறது. பிறகு நடவு லாபமில்லை என்கிறோம். களிமண் நிலத்தில் பறிப்பதற்குப் பத்து நாள் முன்பு சென்ட்டுக்கு இரண்டு கிலோ டி.ஏ.பி. போட்டால் வேர் எளிதாக வரும் என்று ஆண்டாண்டாகச் சொல்லப்படுகிறது. எத்தனை நாற்றங்காலில் அது நடக்கிறது? ஒற்றை நாற்று நடவு என்பதை மடகாஸ்கரிலிருந்து வந்த புதுமையாகச் செம்மை நெல் சாகுபடியின் பெயரில் கற்றுக்கொண்டோம். தஞ்சைப் பக்கத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வேளாண் துறை அதைப் பரப்ப முயன்றது. அதில் ஒரு ஏக்கருக்கு மூன்று கிலோ விதையும் ஒரு சென்ட் நாற்றங்காலும் போதும். 14 நாளில் நடலாம்.

எனவே அரசு செலவு செய்ய விரும்பினால் நாற்றங்காலில் தொடங்க வேண்டும். 2024 குறுவைத் தொகுப்பில் இயந்திர நடவுக்கு ஏக்கருக்கு 4,000 ரூபாய் மானியம் கொடுத்தது நல்ல காரியம். அந்த இயந்திரத்துக்குச் சரியான வயதில் பாய் நாற்று கொடுக்கும் சமுதாய நாற்றங்கால் ஊருக்கு ஒன்றாவது வேண்டும். ஆழ்துளைக் கிணறு உள்ள ஒருவர் நிலத்தில், பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தவணையாக விதைத்தால், மேட்டூர் எப்போது திறந்தாலும் அந்தந்த நேரத்துக்கு இளம் நாற்று கைவசம் இருக்கும். கிணறு இல்லாத குத்தகைதாரரும் வாங்கி நடுவார். நடவு வேலை குறைந்துபோன பெண்களின் குழுக்களிடமே அந்த நாற்றங்காலை ஒப்படைத்தால், தட்டு நிரப்புவதும் விதை தூவுவதும் நனைப்பதும் சுருட்டிக் கொடுப்பதும் நிழலில், நிமிர்ந்து நின்று செய்யும் வேலையாக அவர்களுக்கு அமையும். கூலியும் ஏக்கர் கணக்கில் இல்லாமல் தட்டுக் கணக்கில் கிடைக்கும்.

தாளடிக்கு இது இன்னும் அவசரம். குறுவைக் கதிர் முற்றும் வாரத்திலேயே தாளடி விதையை ஊறப்போட்டு, ஒரு நாள் ஊறி ஒரு நாள் இருட்டில் முளை கட்டி, விட்டாக வேண்டும். திருவிடைமருதூர், திருப்பனந்தாள் வட்டார வேளாண் விரிவாக்க மையங்களில் அதற்கான சான்று விதை ஆவணி முடிவதற்குள் மூட்டையாக வந்து இறங்கியிருக்க வேண்டும்.